மணிக்கயிறு

துறைமுகத்தில் அவரை எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். நிதானம் எங்கே என்றால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பெயரில் பாதி மரியாதை, பாதி கிண்டல். சரக்கு லாஞ்சில் சுக்கான் பிடிக்கிற வேலை அவருக்கு. சாலை போகாத கரையோரக் குடியிருப்புகளுக்கு அரிசி மூட்டை, சிமெண்ட், கேஸ் சிலிண்டர், கட்டில், பீரோ என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போவார், காலி சிலிண்டர்களோடு திரும்பி வருவார். காற்று கொஞ்சம் முகம் மாறினாலும் எங்காவது ஒதுங்கி நங்கூரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். "காத்து தும்மினா நிதானத்துக்குச் சளி பிடிச்சிடும்" என்று மற்ற லாஞ்சுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்தவர்களில் இரண்டு பேருடைய லாஞ்சு இப்போது கடலுக்கு அடியில் கிடக்கிறது. இவருடைய சரக்கில் ஒரு மூட்டைகூட நனைந்ததில்லை.

அது பழைய லாஞ்சு. சுக்கான் அறை மேலே, எஞ்சின் அறை கீழே. மேலே நிற்கிறவருக்கு எஞ்சின் கண்ணில் படாது. கீழே இருக்கிறவனுக்கோ, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதில் தெரிகிற கடல்தான் கடல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பித்தளை மணி. ஒருதரம் இழுத்தால் வேகத்தைக் குறை. இரண்டுதரம் இழுத்தால் முன்னே போ. மூன்றுதரம், பின்னே. விடாமல் குலுக்கினால் உள்ள வேகத்தையெல்லாம் கொடு. அவ்வளவுதான் பாஷை.

இந்தப் பாஷை இல்லாமல் போயிருந்தால் அந்த லாஞ்சு என்றைக்கோ கரையேறி நின்றிருக்கும். ஏனென்றால் கீழே எஞ்சினைப் பார்க்கிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மச்சினனின் அம்மா, அதாவது இவருக்கு மாமியார், சாகக் கிடந்தார். செய்தி கிடைத்ததும் லாஞ்சைத் திருப்பினார்கள். பாதி வழியில், பாறை நீண்டு கடலுக்குள் போகிற ஒரு முனை உண்டு. அதைச் சுற்றித்தான் ஊருக்குப் போக வேண்டும். அங்கே வந்தபோது கடல் கொந்தளித்தது. நிதானம் முனைக்கு இந்தப் பக்கம், பாறை மறைவில் அலை அடிக்காத ஒரு ஒதுக்கில் நங்கூரம் போட்டார். மறுநாள் கடல் அடங்கிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மா முகத்தைப் பார்க்க விடாம பண்ணிட்டீங்களே" என்றான் மச்சினன். அதுதான் கடைசிப் பேச்சு. அத்தான் என்ற சொல்லே அவன் வாயிலிருந்து போய்விட்டது.

வேறு லாஞ்சுக்குப் போய்விடலாமே என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். எங்கே போவது? அந்தக் கிழட்டு எஞ்சின் மச்சினன் கை பட்டால்தான் உயிர் பிடிக்கும். அவரைப் போல அலையைப் படிக்கிறவரும் அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை. கோபம் வேறு, தொழில் வேறு என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்துகொண்டார்கள். ஒருமுறை, துறையில் படகைக் கட்டுகிற நேரம் பார்த்து மணிக்கயிறு அறுந்துவிட்டது. வாயைத் திறந்து 'பின்னே' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். மனிதர் கத்தவில்லை, செருப்பைக் கழற்றிப் பலகைத் தளத்தில் மூன்றுதரம் ஓங்கி அடித்தார். கீழே இருந்தவனும் மகா யோக்கியனாகப் பின்னே எடுத்தான்.

வீட்டில் மணி கிடையாது. அங்கே அந்த வேலையை அவருடைய மனைவி பார்த்தாள். மச்சினனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பின்பக்க அறையில்தான் இருந்தான். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"அக்கா, ஃபில்டர் மாத்தணும்னு அவர்கிட்ட சொல்லு."

"போன வாரமே வாங்கி வச்சாச்சுன்னு அவன்கிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கு, வாய் இருக்கு. நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று அவள் கரண்டியை வைப்பாள். ஆனாலும் சொல்லுவாள். அவர் சொன்னதில் இருக்கிற குத்தலை எடுத்துவிட்டுத் தம்பியிடம் சொல்லுவாள். தம்பி சொன்னதோடு இல்லாத ஒரு மரியாதையைச் சேர்த்து அவரிடம் சொல்லுவாள். ஒன்பது வருஷமாக இந்தக் கூலியில்லாத வேலை. ஓய்ந்துபோனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்கு வயிற்றில் கட்டி. திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வாரக் கடைசியில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதற்குள் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று லாஞ்சு கிளம்பியது. வாசலில் நின்று அவள் சொன்னாள்: "என்னை உள்ள தள்ளிட்டுப் போறப்போ நீங்க ரெண்டு பேரும் என் கண்ணுல படணும். ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டாலும் சரி. பேசிக்கூடத் தொலைக்க வேண்டாம். நின்னா போதும்."

"அதெல்லாம் வந்துடுவோம்" என்றார் அவர். மச்சினன் அப்போது எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நடை ஒரு கணம் நின்றது.

கடைசிக் குடியிருப்பில் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஓடி வந்தார். அங்கே அவர் கடையில் மட்டும்தான் போன் கிடைக்கும். மறுமுனையில், ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள்.

"அப்பா, ஆபரேஷனை நாளைக்குக் காலையிலயே வச்சுட்டாங்க. கட்டி பெருசாயிட்டே போகுதாம், தள்ளிப் போட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாவைச் சேர்த்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் வந்துடுவீங்கல்ல?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கடை வாசலில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். இவ்வளவு பெரிய செய்தியை நேராகச் சொல்ல வாய் வரவில்லை, பாருங்கள்! கடைக்காரர் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "நாளைக்குக் காலையிலயே ஆபரேஷனாம்!"

பக்கத்தில் நின்ற கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் பாவம். அதற்குள் மச்சினன் லாஞ்சை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தான்.

வானம் தெற்கே கறுத்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார். கடைக்காரரே, "என்ன நிதானம், இந்த வானத்துலயா?" என்று கேட்டார். அவர் லாஞ்சின் கட்டுக்கயிற்றை அவிழ்த்தார்.

முனை வரைக்கும் போனது எப்படி என்று பிறகு கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அலை பக்கவாட்டில் வந்து அடித்தது. லாஞ்சு ஒருபக்கம் சாய்ந்து, நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு அரைமனதோடு நிமிர்ந்தது. கண்ணாடியெல்லாம் உப்புத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டினார். கண் எரிந்தது. தளத்தில் கட்டியிருந்த காலி சிலிண்டர்கள் ஒன்றோடு ஒன்று முட்டி, தலைக்குள் அடிப்பது போலச் சத்தம் போட்டன. பெரிய அலை ஒன்று பின்பக்கத்தைத் தூக்கும்போதெல்லாம் லாஞ்சைத் தள்ளுகிற விசிறி தண்ணீருக்கு மேலே வந்து காற்றில் சுற்றும், எஞ்சின் ஊளையிடும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் விசிறியைச் சுற்றுகிற தண்டே முறிந்துபோகும். ஒரு மணி அடிக்கக் கையைக் கயிற்றுக்குக் கொண்டுபோவார். மணி அடிக்கும் முன்பே கீழே வேகம் குறைந்திருக்கும். அலை இறங்கியதும் இரண்டு மணி அடிக்க நினைப்பார்; எஞ்சின் அதற்குள் இழுக்கத் தொடங்கியிருக்கும். இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்வதை யாராவது பார்த்திருந்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்திருப்பார்கள்.

முனைக்கு வெளியே தலை காட்டியதும், தாண்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. அங்கே எல்லாப் பக்கமிருந்தும் அலை வந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு அலை தளத்தின் மேலேயே ஏறி இறங்கியது. கீழே எஞ்சின் அறைக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், மச்சினன் யாரையோ, அநேகமாகக் கடலைத்தான், கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தமும் கேட்டன. அவர் சுக்கானைச் சுற்றினார். லாஞ்சு நடுங்கிக்கொண்டே திரும்பி, பாறைகளுக்குப் பின்னால் இருந்த அதே ஒதுக்குக்குள் நுழைந்தது.

அதே ஒதுக்கு. அதே பாறை. நங்கூரச் சங்கிலி இறங்கும்போது அவர் மச்சினன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு காத்திருப்பு. தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோள்பட்டை கழன்று விழுவது போல வலித்தது. கை இன்னும் சுக்கானைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது, விரித்தால் விரியவில்லை. இந்த வேலையே போதும் என்று தோன்றியது. பயணம் போவதும் ஒதுங்குவதும், ஒதுங்கியதற்காகப் பேச்சுக் கேட்பதும். ஊருக்கெல்லாம் நிதானம். வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு, வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வரத் துப்பில்லை. கீழே மச்சினன் கைப்பம்பை அடித்துத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தான். அது முடிந்ததும் மேலே வந்தான். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, கோப்பையைத் தளத்தில் இருந்த எஞ்சின் அறை மூடியின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான். படகுக்கு வைத்த டீ போல இருந்தது. இவரும் அதை வழியில் கண்டெடுத்தவர் போல எடுத்துக் குடித்தார்.

மாலையில் காற்று கொஞ்சம் தணிந்தது. அந்தத் தணிவை அவர் அறிவார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வருகிற காற்று அது. எத்தனையோ பேரிடம் அவரே சொல்லியிருக்கிறார், அதை நம்பாதே என்று. ஆனால் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. இப்போது கிளம்பினால் அவள் உள்ளே போவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு அவள் படுத்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னொரு தரம் இதே ஒதுக்கில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு சாவுக்குத் தாமதமாகப் போவதா? வருவது வரட்டும். எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்து இரண்டுதரம் இழுத்தார்.

எஞ்சின் கிளம்பவில்லை.

மறுபடி இரண்டுதரம். கீழே மணி அடிக்கிற சத்தம் அவருக்கே கேட்டது. அதற்குப் பதிலாக அலைச் சத்தம் மட்டும் வந்தது. அவர் கயிற்றைப் பிடித்து வெறி பிடித்தவர் போல விடாமல் குலுக்கினார். மணி கத்தித் தீர்த்தது.

மச்சினன் மேலே வந்தான். எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடி அவன் கையில் இருந்தது. சுக்கான் அறை வாசலில் வந்து நின்றான்.

அவர் படகிடம் கேட்பது போலக் கேட்டார்: "எஞ்சின் கெட்டுப்போச்சா?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, அத்தான். நான்தான் கிளப்பலை."

ஒன்பது வருஷம் கழித்துக் காதில் விழுந்த அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்கு அவகாசம் இல்லை. கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "கிளப்புடா! அவ அங்க வாசலைப் பார்த்துட்டு இருப்பாடா! நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அவளையும் பார்க்க விடலைன்னு என் முகத்துல காறித் துப்புவியே, அதுக்கா?"

"துப்ப மாட்டேன்."

"அன்னைக்குத் துப்பினியே!"

மச்சினன் கைப்பிடியைத் தரையில் வைத்தான். "அன்னைக்கு நானும் அந்தக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டுதான் இருந்தேன், அத்தான். வெளிய தண்ணி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? போயிருந்தா நாம ரெண்டு பேரும் கடலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருப்போம். அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா? அப்புறம் ஏன்டா இத்தனை வருஷம்?"

"யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்துச்சு. கடல் மேல கோவப்பட்டு என்ன பண்றது? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க." மூக்கைப் புறங்கையால் துடைத்தான், எண்ணெய்க் கறை கன்னம் வரை இழுத்துக்கொண்டு போனது. "அப்புறம் நாள் ஆக ஆக எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. மணி இருந்துச்சா, அப்படியே ஓட்டிட்டேன்."

எத்தனை ராத்திரி தூக்கம் இல்லாமல் புரண்டிருப்பார், போயிருக்கலாமோ, போயிருக்கலாமோ என்று! "பாவி, பாவி! இதைச் சொல்ல உனக்கு ஒன்பது வருஷமா?" என்று கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டது. மனிதர் வாய்விட்டு அழுதார். வெட்கமெல்லாம் படவில்லை.

"அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றார்.

"வாயை மூடுங்க, அத்தான்" என்றான் மச்சினன். ஒன்பது வருஷம் பேசாதவன் பேச ஆரம்பித்ததும் அத்தானை அதட்டவும் ஆரம்பித்துவிட்டான். "நாம முழுசாப் போய்ச் சேரணும். அதுதான் அக்காவுக்கு வேணும்."

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்ப வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. முனைக்கு அப்பால் கடல் இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் நனைந்துபோன ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். பேசுவதற்கு ஒன்பது வருஷம் பாக்கி இருந்தது, ஆனால் இருவருக்கும் தெம்பு இல்லை. ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

விடிந்தபோது கடல் சோர்ந்துபோய்க் கிடந்தது. முனையைச் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, லாஞ்சைக் கட்டியும் கட்டாமலும் விட்டுவிட்டு, ஈரத் துணியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வழவழப்பான தரையில் இருவருடைய காலடியும் சேறாகப் பதிந்தது. துடைக்கிற பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முறைத்தாள். மாடி நடைவழியில் பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிடுச்சுப்பா. கட்டியை எடுத்துட்டாங்க. இன்னும் மயக்கத்துலதான் இருக்காங்க. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க, அது வந்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "உள்ள தள்ளிட்டுப் போற வரைக்கும் படிக்கட்டையே பார்த்துட்டு இருந்தாங்கப்பா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை இனி எத்தனை வருஷம் சுமக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டார்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "முழிப்பு வர்ற மாதிரி இருக்கு. ஒருத்தர் மட்டும் வரலாம். வீட்டுக்காரர் யாரு?"

அவர் எழுந்தார். இரண்டு அடி வைத்தவர் நின்று, மச்சினன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "நீ போ."

"அத்தான், நீங்கதான்..."

"அன்னைக்கு உன்னால பார்க்க முடியலை. இன்னைக்கு நீ முதல்ல போய்ப் பாரு. போடா."

அவன் போனான். அவர் கதவுக்கு வெளியே காத்திருந்தார். அது அவருக்குப் பழக்கப்பட்ட வேலை. கொஞ்ச நேரத்தில் மச்சினன் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினான். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா கண்ணைத் திறந்துட்டா, அத்தான். 'அவர் சாப்பிட்டாரா?'ன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள, 'உனக்குத் தெரியாது, நீ அவர்கிட்ட கேக்க மாட்டே, இரு, நானே போய்க் கேட்டுட்டு வரேன்'னு எழுந்திருக்கப் பார்க்குறா. பேசிட்டோம்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. நர்ஸ் அமுக்கிப் பிடிச்சிருக்காங்க."

உள்ளே கட்டில் கிரீச்சிடுவதும், "படும்மா, படும்மா, தையல் பிரிஞ்சிடும்" என்று நர்ஸ் கெஞ்சுவதும் வெளியே கேட்டன.

நிதானம் கதவை ஒட்டி வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கடைக்காரரிடம் கத்தியதைவிட உரக்க, அந்த மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: "டேய், சாப்பிட்டியாடா?"

"இல்லை, அத்தான்!" என்று மச்சினனும் கத்தினான். "நீங்க?"

"நானும் இல்லைடா! வா, ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சாப்பிட்டுட்டு வரலாம்!"

உள்ளே நர்ஸின் பேச்சு நின்றது. கட்டில் ஒருதரம் கிரீச்சிட்டு அடங்கியது. அவள் படுத்துக்கொண்டாள்.